புர்கின்ஜி நரம்பணு

புர்கின்ஜி நரம்பணு என்பது சிறுமூளைப் புறணியில் ஒற்றை வரிசையாக அமைந்த பெரிய நரம்பணு. புறணியிலிருந்து வெளியேறும் செய்தி அனைத்தும் இதன் வழியாகவே செல்கிறது. இவ்வணுக்கள் நலிந்தால் கைகால் அசைவு ஒத்திசையாமல் தள்ளாட்டம் தோன்றும். மருத்துவர் இதனை அட்டாக்சியா என்பர்.

செக் உடலியலார் யான் புர்கின்யே பிரெஸ்லாவ் நகரில் (இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃப்) பேராசிரியராக இருந்தபோது இந்நரம்பணுவைக் கண்டறிந்தார். 1837இல் பிராக் நகரில் கூடிய ஜெர்மானிய இயற்கையியலார், மருத்துவர் மாநாட்டில் இதை விளக்கினார். குடுவை வடிவ உடல் அவருக்குத் தெரிந்தது. கிளைகளின் முழு விரிவு தெரியவில்லை. அதற்குக் கமில்லோ கோல்ஜியின் வெள்ளிச் சாய முறை (1873) வரவேண்டியிருந்தது. அதே சாயத்தால் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்த ஸ்பெயின் நாட்டுக் கஹால், நரம்பணுக்கள் ஒட்டிய வலையல்ல, தனித்தனி அலகுகளே என்று 1888இல் காட்டினார். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஆனால் பரிசுரையிலேயே கோல்ஜி அக்கொள்கையை மறுத்துப் பேசினார். பிடிவாதம் அறிவியலுக்கும் புதிதல்ல.

இந்நரம்பணுவின் கிளைகள் பனையோலை விசிறி போல ஒரே தளத்தில் தட்டையாக விரிந்தவை. அவற்றைக் குறுக்கே கடக்கும் இணை இழைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை ஏற்படுத்துகின்றன. முகுளத்தின் ஆலிவ் கருவிலிருந்து வரும் ஏறு இழையோ, முதிர்ந்த அணுவுக்கு ஒன்றே. அசைவில் நேரும் பிழையை ஏறு இழை தெரிவிக்க, தவறுக்குக் காரணமான இணை இழை இணைப்புகள் வலுவிழக்கின்றன. உடல் அசைவைக் கற்பது இவ்வாறே என்பர். மார் (1969) முன்வைத்து, இணைப்புகள் வலுவிழக்கும் என ஆல்பஸ் (1971) திருத்திய இக்கோட்பாட்டுக்கு ஜப்பானியர் மசாவோ இட்டோ சோதனை ஆதாரம் தந்தார். இவ்வணு காபா வேதிப்பொருளைச் சுரந்து சிறுமூளையின் உட்கருக்களை அடக்குவது என்பதை 1960களில் நிறுவியதும் அவர் குழுவே.

அடக்கும் அளவும் நேரமும் பிசகினால் நோயாளி கால்களை அகட்டி நடக்கிறார், தொட நீட்டிய விரல் இலக்கைத் தாண்டுகிறது, பேச்சு குழறுகிறது. பரம்பரை வகைகளுள் நன்கு ஆராயப்பட்டது முதலாம் வகைத் தண்டுவட-சிறுமூளை அட்டாக்சியா. ஆறாம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு 1993இல் பிரித்தறியப்பட்டது. அதில் சிஏஜி என்னும் மூவெழுத்துத் தொடர் மிகுதியாக நீள்வதால் பிழையான புரதம் உருவாகி அணுவை நலிவிக்கிறது. தமிழ்நாட்டுச் சமூகம் ஒன்றில் இவ்வகை மிகுந்திருப்பதாக 2005இல் ஆய்வறிக்கை வெளியானது. ஆறாம் வகையில் கால்சியம் வாயில் புரதம் பழுதாகிறது. நெடுநாள் குடி, சில புற்றுநோய்களின்போது உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் ஆகியவையும் இவ்வணுக்களை அழிக்கும்.

மேற்சொன்ன பரம்பரை வகைகளைக் குணமாக்கும் மருந்து இல்லை; நடைப்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.