மின் அறைச் சூடேற்றியின் வரலாறு

மின்தடை மிகுந்த கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தி அறையை வெப்பமாக்கும் கருவி மின் அறைச் சூடேற்றி ஆகும். பேச்சு வழக்கில் இது ரூம் ஹீட்டர் எனப்படுகிறது. இதற்கு அடிப்படையான விதியை 1840களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஜூல் கண்டறிந்தார். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டம் பத்து மடங்கானால் வெப்பம் நூறு மடங்காகும். சூடேற்றி அறையைக் கதகதப்பாக்குவதும், சில வேளைகளில் சுவருக்குள் இருக்கும் கம்பியைக் கருக்கிவிடுவதும் இதே விதியால்தான்.

விதி தெரிந்த பின்னும் நல்ல கருவி கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரும்புக் கம்பி செந்நிறமாகக் காய்ந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து விரைவில் உதிர்ந்துவிடும். அதனால் கரி இழை கொண்ட பெரிய விளக்குகளை வரிசையாக வைத்து அறையைச் சூடாக்கிப் பார்த்தார்கள். 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே நிக்ரோம். செம்பைவிட ஏறத்தாழ அறுபது மடங்கு மின்தடை உடையது. காயும்போது மேற்பரப்பில் உண்டாகும் ஆக்சைடு படலம் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. 1912இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டில் சார்லஸ் பெல்லிங் இக்கம்பியைச் சுடுமண் பட்டைகளில் சுற்றிச் சூடேற்றிகள் தயாரிக்கத் தொடங்கினார்.

கருவி தயாரானது, வீடுகள் தயாராக இல்லை. பல வீடுகளில் விளக்குக்காக மட்டுமே மின்கம்பி இழுக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த உருண்டை முனைச் செருகிகளும் 2, 5, 15 ஆம்பியர் என வெவ்வேறு அளவில் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வீடுகளுக்காகத் திட்டமிட்ட பிரிட்டன் பொறியாளர்கள் இக்குழப்பத்துக்கு முடிவு கட்ட எண்ணினர். எந்த அறையிலும் 3 கிலோவாட் சூடேற்றியை இயக்க இயல வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1947இல் வந்த 13 ஆம்பியர் செருகிக்குள் உருகி ஒன்று வைக்கப்பட்டது. குழந்தைகள் விரல் விடாதபடி சாக்கெட் துளைகளுக்கு மூடியும் வந்தது. ஆடையில் தீப்பற்றுவதைத் தடுக்க, சூடேற்றிகளுக்கு முன்புறக் காப்புக் கம்பிவலை வேண்டும் என 1952இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இந்தியா பழைய உருண்டை முனை முறையிலேயே நின்றது. அந்த 5, 15 ஆம்பியர் வகைகளே இன்று 6, 16 ஆம்பியர் எனப்படுகின்றன. நம் செருகிகளில் பெரும்பாலும் உருகி கிடையாது. உதகையிலோ கொடைக்கானலிலோ ஒரு சிறிய அறையில் 2000 வாட் சூடேற்றி வைத்தால், 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது மிகை. மாற்றுச் செருகி போட்டு அதில் பொருத்துவதும், சுருட்டி வைத்த நீட்டிப்புக் கம்பியில் இயக்குவதும் ஆபத்தானவை. சுருளில் வெப்பம் வெளியேற வழியில்லை. மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி, அதற்கேற்ற எம்.சி.பி., நிலத்தொடர்பு ஆகியவற்றுடன் கூடிய 16 ஆம்பியர் சாக்கெட்டே சரியான ஏற்பாடு. மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருத்தல் நலம். பழைய வீடுகளில் சிலர் சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு, விளக்குக்கு இழுத்த மெல்லிய கம்பியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளியே பார்ப்பவருக்கு அது 16 ஆம்பியர் சாக்கெட்டாகவே தெரியும்.