செத்த காருக்குப் புது உடம்பு - எம்.ஜி.பி.யின் கதை

கார் என்றாலே எல்லோரும் என்ஜினைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு ஸ்பீடு, மைலேஜ் என்ன... தகட்டைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆனால் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பொறுத்தவரை கதையே தகட்டில்தான் இருக்கிறது. காமர்ஸ் வகுப்பில் நாங்கள் படிக்கும் ஒரு பாடமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். அந்த நிறுவனத்தின் எம்.ஜி.பி. கார் 1962-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்தது. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. நமக்கும் இது தூரத்துச் சொந்தம்தான். நம்ம ஊர் அம்பாசிடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி என்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி என்ஜினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதற்கு முன் வந்த எம்.ஜி.ஏ. காரில் கீழே தனியாக ஒரு சேஸிஸ், அதன் மேல் பாடி. எம்.ஜி.பி.யில் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. இதனால் வண்டி எடை குறைவு, உறுதி அதிகம். பிரச்சினை எங்கே என்றால், இந்தக் காருக்குத் தகட்டுக் கூரை இல்லை. அதனால் பாரத்தில் பெரும்பகுதியை அடித்தளமும், கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்தில் இருந்து பின் சக்கரம் வரை நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டியும் (இதற்கு சில் என்று பெயர்) தாங்க வேண்டும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பனியை உருக்க ரோட்டில் உப்பு போடுவார்கள். முன் சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறு மட்கார்டுக்குப் பின்னால் போய்த் தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே சில் இற்றுக்கொண்டிருக்கும்!

சரி, இற்றுப்போன சில்லை வெட்டிவிட்டுப் புதுசு வைத்து வெல்டிங் அடித்தால் போதாதா? அங்கேதான் சிக்கல். சில்லை வெட்டியதும் காரின் நடுப்பகுதி தொய்ய ஆரம்பிக்கும். அந்த நிலையில் வெல்டிங் அடித்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும், பிறகு கதவு சாத்தாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் வண்டியைச் சரியான இடங்களில் முட்டுக்கொடுத்து மட்டம் பார்ப்பார்கள். கதவு திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி வைத்து இறுக்குவார்கள். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் மறுபக்கத்தில் கை வைப்பார்கள். புதுத் தகட்டை கிளாம்ப் போட்டு நிறுத்தி, கதவையும் மட்கார்டையும் மாட்டிப் பார்த்து, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக வந்த பிறகே வெல்டிங். நம்ம ஊர் டிங்கரிங் பட்டறை அண்ணன்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1979 செப்டம்பரில் ஆபிங்டனில் எம்.ஜி.யின் 50 ஆண்டு விழா கொண்டாடினார்கள். அது முடிந்த கையோடு, செப்டம்பர் 10-ம் தேதி, தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட், தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. 1980 அக்டோபரில் கடைசிக் கார் வெளியே வந்தது. கார்கள் நின்றுபோனாலும் துரு நிற்கவில்லை. இற்ற சில்லை அப்படியே விட்டு அதன் மேல் புதுத் தகட்டை மூடி ஒட்டுவது, ஓட்டையை ஃபைபர்கிளாஸ் வைத்து அடைத்துப் பட்டி பூசுவது என்று ஒப்பேற்றினார்கள். பார்க்க அழகாக இருக்கும், பலம் இருக்காது.

இந்த நிலைமையை மாற்றியது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம். டேவிட் பிஷப் என்பவரின் முயற்சியில், தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் பழைய டைகளைத் தேடிப் பிடித்தார்கள். 1988-ல் ஃபேரிங்டன் என்ற ஊரில் எம்.ஜி.பி.யின் முழு பாடியையே புதிதாகத் தயாரித்து விற்க ஆரம்பித்தார்கள். உற்பத்தி நின்று 8 வருடம் ஆன காருக்குப் புது உடம்பு!

காமர்ஸ் பாடம் இங்கேதான். ஒரு டை செய்ய ஏகப்பட்ட பணம் ஆகும். 5 லட்சம் கார்களுக்குப் பங்கு போட்டால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். சில ஆயிரம் பாடிகளுக்காகப் புதிதாக டை செய்ய யாரும் துணிய மாட்டார்கள். பழைய டைக்கான செலவோ எப்போதோ முடிந்த கதை, மூழ்கிய செலவு. 1980-க்குப் பிறகு கணக்குப் புத்தகத்தின்படி அது வெறும் பழைய இரும்பு. ஆனால் அதை எடைக்குப் போட்டிருந்தால், திரும்ப வாங்க எந்த விலையும் போதாது. மூழ்கிய செலவை முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்க்காதே என்று படிக்கிறோம். சரிதான். ஆனால் செலவு மூழ்கிவிட்டது என்பதற்காகப் பொருளுக்கும் மதிப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எம்.ஜி.பி. எனக்குப் புரியவைத்தது அதைத்தான்.

இதன் பலன் அதோடு நிற்கவில்லை. 1992-ல் ரோவர் நிறுவனம் இந்த ஹெரிடேஜ் பாடியை அடிப்படையாக வைத்தே எம்.ஜி. ஆர்.வி.8 என்ற புதுக் காரை அறிமுகப்படுத்தியது. 1995 வரை சுமார் 2,000 கார்கள். அதில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போனது.

கடைசியாக ஒரு கேள்வி. பாடி முழுக்கப் புதுசு, என்ஜினும் அச்சும் ஸ்டியரிங்கும் மட்டும் பழசு என்றால், அது 1965-ம் வருடத்து எம்.ஜி.பி.யா, 1988-ம் வருடத்து எம்.ஜி.பி.யா? பிரிட்டனில் பல ஆண்டுகள் இதற்கு மதிப்பெண் முறையே வைத்திருந்தார்கள். பழைய பதிவு எண் நீடிக்க 8 புள்ளி வேண்டும், அதில் பாடிக்கு மட்டும் 5. தயாரிப்பாளர் வழியாக அதே வடிவத்தில் வாங்கிய புது பாடிக்கும் அந்த 5 உண்டு. அரசாங்கம் தன் கணக்கைச் சொல்லிவிட்டது. என் கணக்கு இது: ஒருவர் அந்தக் காரை விடாமல் ஓட்ட வேண்டும் என்று நினைத்துத்தானே இவ்வளவும் செய்தார்? அப்படியானால் அது அதே கார்தான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?