கணினிகள் பேசக் கற்ற கதை



நம் ஆயர் ஈத்தாம் நாற்சந்தியை நாம் அனைவரும் அறிவோம். வடக்கே யோங் பெங், தெற்கே ஜொகூர் பாரு, மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங். சாலைகள் மட்டும் இருந்து, இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்னும் விதி இல்லாவிட்டால் அங்கே என்ன நேரும்? கணினிகளை இணைக்கும் வலையின் வரலாறும் இதையே கூறுகிறது. கம்பி மட்டும் போதாது. எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி வேண்டும். அவ்விதிக்கு நெறிமுறை என்று பெயர்.

1969-இல் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் வலை தொடங்கியது. பிறகு வேறு வலைகளும் தோன்றின. ஆனால், ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்கவில்லை. 1974-இல் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் பொதுவான நெறிமுறை ஒன்றை வகுத்து வெளியிட்டனர். 1983 ஜனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் அதற்கு மாறியது.

அது வேலை செய்யும் விதம் என்ன? நாம் அனுப்பும் கடிதம் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டிலும் பெறும் கணினியின் எண் இருக்கும். அதுவே ஐ.பி. முகவரி. வழியிலுள்ள ரவுட்டர் என்னும் கருவி, சந்தியில் நிற்கும் போலீஸ்காரரைப் போல, முகவரியைப் பார்த்துத் திருப்பிவிடும். துண்டுகள் வெவ்வேறு வழிகளில் போகலாம். அவற்றை வரிசைப்படி அடுக்கி, வந்து சேராததை மீண்டும் அனுப்பச் செய்வது டி.சி.பி. என்னும் நெறிமுறை. எண்களை மனனம் செய்வது கடினம் அல்லவா? பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். 1983-இல் வகுக்கப்பட்டது.

நம் நாட்டில் 1985-இல் மிமோஸ் ஆய்வு நிலையம் அமைந்தது. அங்குப் பணியாற்றிய முகமது அவாங் லா முதலியோரின் முயற்சியால் ரங்கோம் என்னும் வலை உருவாகி, பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி வழியே இணைத்தது. 1992-இல் அதன் இடத்தில் ஜாரிங் வந்தது. துணைக்கோள் வழியே அமெரிக்காவை எட்டிய அதன் இணைப்பின் வேகம் நொடிக்கு 64,000 பிட். ஏறத்தாழ 8,000 ஆங்கில எழுத்துகள். ஜாரிங் நிறுவனம் 2015-இல் மூடப்பட்டது. நெறிமுறையோ இன்றும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது.

தமிழுக்கும் இதே பாடம் வாய்த்தது. 1985-இல் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். பிற நாடுகளிலும் தமிழ் மென்பொருள்கள் வந்தன. ஆனால், எழுத்துகளுக்கு ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்ததால், இங்கே அடித்த தமிழ் அங்கே வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. கம்பி இருந்தது, உடன்பாடு இல்லை. 1991-இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கும் பொது எண்களை வழங்கியது. அது பரவிய பிறகே அக்குறை நீங்கிற்று.

இன்று தோட்டத்து வீட்டிலிருந்து நம் பிள்ளை கைப்பேசியில் அனுப்பும் தமிழ், எழுத்துச் சிதையாமல் தமிழகத்து உறவினரை அடைகிறது. இது மாயமன்று, எண்ணும் ஒழுங்கும் உடன்பாடும்தான். பள்ளியில் கணக்கும் மொழியும் கற்கும் பிள்ளைக்கு இக்கல்வியும் எட்டாததன்று. 'நமக்கெதற்கு?' என்று பெற்றோர் ஒதுக்காதிருந்தால் போதும்.