நகரத்தார் தொழிலில் ஏஜெண்டு முறை

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து நடத்திய வட்டித் தொழிலில், முதலாளி ஊரில் இருக்க, சம்பளத்துக்கு அமர்த்திய ஒருவர் கடையை நடத்திய ஏற்பாடு ஏஜெண்டு முறை. பர்மா, மலேயா, இலங்கை எனக் கடைகள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் அனுப்ப வீட்டில் அண்ணன் தம்பிகள் போதவில்லை. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,600க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன.

கப்பலேறுபவர் 'மேலாள்'. தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. சம்பளம் முன்பே பேசி எழுதப்படும். ஒரு பகுதி புறப்படும்போதே கைக்கு வரும். மனைவி மக்கள் ஊரிலேயே இருப்பார்கள். லாபம் கண்டால் அதிலும் பங்குண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன் (பெட்டியடி என்பது கணக்குப் பெட்டி வைத்துத் தொழில் நடத்தும் இடம்), சமையல்காரர். பையனாகப் போய்ப் பேரேடும் வட்டிக் கணக்கும் கற்றவர் சில தவணைகளில் மேலாளாகலாம். பிறகு சொந்தக் கடை வைத்தவர்களும் உண்டு. சுமத்திராவின் மெடான் நகரத்துப் பெட்டியடிகளை அறிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல் நல்ல வாசல்.

மேலாள் வீட்டார் அல்லர் என்றாலும் முற்றிலும் வெளியாரும் அல்லர். நகரத்தார் குலங்களுக்குரிய ஒன்பது நகரக் கோயில்களில் ஏதோ ஒன்றைச் சேர்ந்தவர். ரங்கூனில் கையாடினால் வேலையோடு போகாது. ஊரில் அவர் வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். அதே சமயம் தவணை முடிந்ததும் அவரிடம் தாட்சண்யமின்றிக் கணக்குக் கேட்கலாம். சொந்தத் தம்பியிடம் அப்படிக் கேட்க வாய் வருமா? இந்த அரை உறவுதான் முறையின் பலம். எல்லையும் அதுவே: பர்மியர் ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் மேலாளாக வழியில்லை.

1930களின் பொருளாதார மந்தமும் 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும் பர்மாக் கடைகளை முடக்கின.

1900இல் பர்மாவின் மௌல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குழுமம் அந்தப் படையெடுப்புக்கு முன்பே தமிழகம் திரும்பித் தொழிற்சாலைகளுக்கு மாறியது. இன்று அதன் நிறுவனங்களில் குடும்பத்தாரோடு சாதி, ஊர் பாராமல் அமர்த்திய நிர்வாகிகளும் பொறுப்பில் இருக்கிறார்கள். வீட்டார் அல்லாதவருக்கு இடம் விட்ட அளவுக்கு மகள்களைப் பற்றிப் பழைய ஏற்பாடு யோசித்ததில்லை. பெட்டியடி ஆண்களின் இடமாகவே இருந்தது. முருகப்பா குழுமத்தின் முன்னாள் தலைவர் எம். வி. முருகப்பன் 2017இல் மறைந்தபின், அவர் மகள் வள்ளி அருணாசலம், குழுமத்தின் தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மெண்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அது தோற்றது. 2023இல் குடும்பத்தார் சமரசம் கண்டனர்.