நடுங்கிய இரவும் நாங்கள் படித்த ஓர் அறிக்கையும்

25-9-2001, செவ்வாய்க்கிழமை. இரவு எட்டரை மணியாகச் சில நிமிடங்கள் இருந்தன. சென்னையில் நண்பர் ஒருவரின் இரண்டாம் மாடி வீட்டில் நாங்கள் நால்வர், பல்லாவரம் குடைவரையைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். மேசைமேல் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. "ஏம்ப்பா, காலை ஆட்டாதே!" என்று எங்களுள் மூத்தவர் அதட்டினார். யாரும் ஆட்டவில்லை. அண்ணாந்து பார்த்தால் நிறுத்திவைத்திருந்த மின்விசிறி மெல்ல ஊசலாடிக்கொண்டிருந்தது. எல்லாம் சில நொடிகள்தாம்.

படியிறங்கியபோது தெருவே வெளியில் நின்றது. அவ்வாண்டு சனவரி 26ஆம் நாள் குஜராத்தின் பூஜ் நகரம் இடிந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு எட்டு மாதங்கள்தாம் ஆகியிருந்தன. ஆகவே, கையில் கரண்டியோடு வந்தவர்களும் உண்டு. உறங்கும் குழந்தையை அப்படியே தூக்கி வந்தவர்களும் உண்டு. எதிர்வீட்டுப் பாட்டியார் மட்டும், "மெட்ராஸ்ல ஏதுடா பூகம்பம்?" என்று கடைசிவரை வாயிலைத் தாண்டி வர மறுத்துவிட்டார். புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கம் என்பது பிறகு தெரிந்தது.

பாட்டியாரின் நம்பிக்கையை எள்ளி நகையாட நாங்கள் துணியோம். அதே நம்பிக்கைதான் எங்களுக்கும் இருந்தது. அதற்குக் கல்லே சான்றாகவும் நின்றது. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் உள்ள பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமை உடையது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அவ்வகையைச் சேர்ந்தது என்பதால், நிலவியலார் தாமஸ் ஹாலந்து 1893இல் அதற்குச் 'சார்னாக்கைட்' என்று பெயர் சூட்டினார். (சென்னைப் பாறைக்குக் கல்கத்தாக்காரர் பெயரா என்று எங்களுக்கு ஒரு சிறு மனக்குறை உண்டு, அது நிற்க.) இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்தில்தான். இத்துணைத் தொன்மையான நிலம் அசையுமா?

அசையும் என்பதைத் தக்காணம் முன்னரே சொல்லியிருந்தது. 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 விடியலுக்கு முன், மராட்டியத்தின் கில்லாரிப் பகுதி மக்கள் முதல் நாளிரவு பிள்ளையார் உருவங்களை நீரில் கரைத்துவிட்டு வந்து அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தபோது, மண்சாந்து வைத்துக் கட்டிய கனத்த கல்வீடுகள் அவர்கள்மேல் சரிந்தன. பத்தாயிரத்தை ஒட்டிய உயிர்கள் போயின. நிலநடுக்க வரைபடத்தில் அப்பகுதி அன்று மிகக் குறைந்த ஆபத்துடைய மண்டலத்தில் இருந்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் அதே வட்டாரத்திலுள்ள தேர் என்னும் ஊரின் மண்ணடுக்குகளை ஆராய்ந்து, ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த ஒரு நடுக்கத்தின் தடயங்களைக் கண்டனர். யவன வணிகரின் 'பெரிப்ளுஸ்' நூல் தகர என்று குறிக்கும் வணிக நகரம்தான் இந்தத் தேர்.

2001 நடுக்கத்திற்குப் பிறகு சில மாதங்கள் நூலகங்களில் இதையே தேடினோம். 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 என்ற அளவை ஒட்டிய நடுக்கம் தோன்றித் தென்னிந்தியா முழுவதையும் உலுக்கியிருக்கிறது. எங்கள் கவனம் என்னவோ அதற்கு முந்தைய ஒன்றிலேயே நிலைத்தது. 31-12-1881 காலையில் கார் நிகோபார் தீவை ஒட்டி எழுந்த பெருநடுக்கம் சென்னைவரை உணரப்பட்டது. அதைப் பற்றி எழுதிய ஆர். டி. ஓல்டாம், பின்னாளில், 1906இல், புவிக்குக் கருவம் உண்டென்று நிலநடுக்க அலைகளைக் கொண்டே நிறுவியவர். நில அளவைத் துறையைச் சேர்ந்த மேஜர் ரோஜர்ஸ் வேறொரு வேலை செய்தார். துறைமுகங்களில் கடல்மட்டத்தை இடையறாது பதிவு செய்யும் கருவிகளின் தாள்களை வரவழைத்துப் பார்த்தார். நடுக்கத்திற்குப் பின் வங்கக் கரை நெடுகிலும் கடல் எழுந்து தாழ்ந்த கோடுகள் அத்தாள்களில் தெளிவாக இருந்தன. எங்கும் ஒரு மீட்டரைத் தாண்டவில்லை. கரையில் நின்றோர் பலர் கவனித்தே இருக்கமாட்டார்கள்.

அக்கோடுகளை நாங்கள் வியந்தோம். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். "கருவியின் நுட்பத்தைப் பாருங்கள்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

26-12-2004, ஞாயிறு. மார்கழிக் குளிரில் காலை ஆறரை மணி அளவில் கட்டில் ஆடியது. இம்முறை பதற்றமே இல்லை. மூன்றாண்டுக்கு முன்பே பழகிய பொருளல்லவா? ஏழு மணிக்கெல்லாம் நால்வரும் தொலைபேசியில் பேசிவிட்டோம். "சுமத்ராவாம்" என்றார் ஒருவர். "1881ஐப் போல அந்தமான் பக்கந்தான்" என்று இன்னொருவர் பெருமிதத்துடன் நினைவூட்டினார். பிறகு காப்பி குடிக்கப் போய்விட்டோம். சென்னைக் கரையை அலை எட்டியது ஒன்பது மணியை ஒட்டி. இடையில் இருந்தது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். தமிழகத்தில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தார்.

நாங்கள் நால்வர் கூவியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்று நண்பர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. ஒருவேளை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் எங்கள் மூத்தவரின் தமக்கை குடும்பம் சாந்தோமில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்று காலை அவர் அந்த வீட்டுக்கும் தொலைபேசியில் பேசியிருக்கிறார். நடுக்கம் உணர்ந்தீர்களா என்று கேட்டவர், கடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் பிழைத்தது மாடியில் இருந்ததால் மட்டுமே. அந்தக் குறிப்பேட்டை அவர் பிறகு எங்களிடம் கொடுத்துவிட்டார். தம் வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் இரண்டு மணியைத் தாண்டியபோது சென்னை மீண்டும் அசைந்தது. சுமத்ராவுக்கு மேற்கே, 8.6 அளவு. அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தனர். கடற்கரையில் இருந்தோரைக் காவலர் வெளியேற்றினர். கடலடித் தட்டுகள் மேலெழாமல் பக்கவாட்டில் நழுவியதால் அன்று பேரலை எழவில்லை. நாங்கள் தெருவில் நின்றபடி, அது எங்கே, எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருந்தோம். மூத்தவர் எதையும் விசாரிக்கவில்லை. எங்களை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று, கைப்பேசியில், "அக்கா, கீழே இறங்காதே, மேலேயே இரு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.