தேடாமல் கிடைக்கும் கோப்பு



எங்கள் செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அறிய யாரும் ஏரிக்குள் இறங்கி அளப்பதில்லை. முழு ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அளவுகோலில் இன்று எத்தனை அடி என்று பார்த்தால் போதும், மீதியை அட்டவணை சொல்லிவிடும். சென்ற வாரம் பேரனோடு பேசியபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

அவன் மென்பொருள் எழுதுகிறவன். "எந்தக் கோப்பு மாறியிருக்குன்னு கேட்டேன் தாத்தா, இன்னும் பதில் வரலை" என்று கணினி முன் சலித்துக்கொண்டான். அவன் கேட்டது 'கிட்' என்ற மென்பொருளிடம். ஒரே நிரலைப் பலர் திருத்தும்போது யார், எப்போது, எதை மாற்றினார் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. நாம் குறிப்புக் கோப்பில் எழுதி, கையொப்பமும் தேதியும் இட்டோமே, அதுதான்.

இத்தகைய மென்பொருள் 1972-லேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்துவிட்டது. கிட் வந்தது 2005 ஏப்ரலில். லினக்ஸ் பணிக்கு இலவசமாகக் கிடைத்துவந்த வேறொரு மென்பொருள் நின்றுபோகவே, லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே எழுதத் தொடங்கினார். வேகம்தான் அவருடைய முதல் நிபந்தனை. ஒவ்வொரு கோப்பின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் ஒரு பட்டியலில் இருக்கும். அவை மாறாதிருந்தால் கோப்பைத் திறக்கவே வேண்டாம்.

ஆனால் கோப்புகள் லட்சக்கணக்கில் பெருகினால், ஒவ்வொன்றிடமும் "மாறினாயா?" என்று கேட்பதற்கே நேரம் போய்விடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் நிரலில் சுமார் 35 லட்சம் கோப்புகள். மாற்றம் ஏதும் உண்டா என்று அறியவே ஏறக்குறைய 10 நிமிடம் ஆனதாம். 2017-ல் அவர்கள் வழி கண்டார்கள்: பணியாளர் தொட்ட கோப்புகளை மட்டும் குறித்துவைத்து, அவற்றை மட்டும் பார்ப்பது. 10 நிமிடம் 4, 5 விநாடியாகக் குறைந்தது. 2022-ல் கிட் மென்பொருளிலேயே, மாறும் கோப்புகளை உடனுக்குடன் குறித்துக்கொள்ளும் ஒரு காவல்காரனைச் சேர்த்துவிட்டார்கள்.

கேட்டதும் சிரித்துவிட்டேன். "இது எங்க தன்பதிவேடுடா" என்றேன்.

வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறை நம்மில் பலருக்கு மனப்பாடம். தபால் வந்தால் நடப்பு எண். பிறகு எழுத்தரின் தன்பதிவேட்டில் பதிவு. கோப்பு யாருக்குப் போனது, என்று திரும்பியது, எப்படி முடிந்தது என்று ஒவ்வொரு கட்டமும் அதில் ஏற வேண்டும். பதிவு சரியாக இருந்தால் அலமாரியைத் திறக்காமலே கோப்பு எங்கே என்று சொல்லலாம்.

சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எண்பதுகளில் ஒருநாள், கணவரை இழந்த ஓர் அம்மாளின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை, ஒரு விளக்கத்துக்காகப் பக்கத்துப் பிரிவுக்குக் கொடுத்தேன். மாலை அவசரம், நாளை எழுதலாம் என்று பதிவேட்டில் குறிக்கவில்லை. மறுநாள் மறந்தேபோனேன். திங்கள்தோறும் அவர் வந்து நின்றார். "தேடிக்கிட்டிருக்கோம்மா" என்றேன். உண்மையாகவே தேடினோம், கட்டுக்கட்டாக, மூன்று மாதம். கடைசியில் அந்தப் பிரிவின் பழைய கட்டு ஒன்றில் கிடைத்தது. கண்காணிப்பாளர் என் தன்பதிவேட்டைப் பிரித்து, வெறுமையாக இருந்த கட்டத்தின் மேல் விரலை வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கோப்பு தாமதமானால் ஆள் போதவில்லை, அலமாரி போதவில்லை என்போம். எனக்குக் குறைந்தது ஒரு வரி. அதை எழுத அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

பேரனின் கணினியில் அந்தக் காவல்காரனை இயக்கிவிட்டான். இப்போது பதில் உடனே வருகிறது. அந்த அம்மாளுக்கும் ஓய்வூதியம் வந்தது. தாமதம் யாரால் என்று மட்டும் நான் அவரிடம் சொல்லவே இல்லை.