இல்லங்கள் புகட்டும் கல்வி

1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கிய இருப்புப்பாதையின் ஓரத்திலே, வயல்கள் மனைகளாகி வளரும் வேப்பம்பட்டில், திண்ணையையும் முற்றத்தையும் அறியாத பாலகருக்கு வீட்டின் சரித்திரத்தை எங்கே காட்டுவது என்ற வினா இன்று அவசியமாகிறது.

1984இல் டெபோரா தியாகராஜன் தோற்றுவித்த மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் அதற்கு உத்தமமான விடை. லாரி பேக்கரின் யோசனைகளால் உருப்பெற்ற அவ்வளாகத்தில், அழிவை எதிர்நோக்கியிருந்த பழைய இல்லங்கள் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொணரப்பட்டு, மரபுத் தச்சராலும் கொத்தராலும் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. செட்டிநாட்டு வளவிலும் அக்கிரகாரத்து ரேழியிலும் கேரளத்து மரவீட்டிலும் நடந்து பார்க்கும் குழந்தைகள், வெயிலும் மழையும் காற்றும் மனையின் அமைப்பை நிர்ணயித்த நியாயத்தைப் பிரத்தியட்சமாகக் கற்கின்றனர்.

பெற்றோர் தம் மக்களை அங்கு அழைத்துச் செல்வது, நாளைய வேப்பம்பட்டின் வீதிகளை விவேகத்துடன் வகுக்க வேண்டிய சந்ததிக்குச் செய்யும் கடமையாகும்.